வெல்லும் வெறி அல்ல, கலங்காத மனம்: அபினவ் பிந்த்ராவின் தங்கம் சொல்லும் கதை

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 2008 ஆகஸ்ட் 11 அன்று நடைபெற்ற ஆடவர் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றில், கடைசிக் குண்டுக்கு முன்பு இந்தியாவின் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹக்கினனும் சம புள்ளிகளில் இருந்தனர். பிந்த்ரா 10.8 புள்ளிகள் எடுத்தார். ஹக்கினன் 9.7 மட்டுமே எடுத்து வெண்கலத்துக்குத் தள்ளப்பட்டார். ஒலிம்பிக் தனிநபர் பிரிவில் இந்தியா வென்ற முதல் தங்கம் அதுவே.

விளையாட்டில் சாதிக்க 'வெல்லும் வெறி' வேண்டும் என்பது பொதுவான கருத்து. மல்யுத்தத்துக்கும் குத்துச்சண்டைக்கும் அது ஓரளவு பொருந்தலாம். துப்பாக்கி சுடுதலில் நிலைமை வேறு. இலக்கு அட்டையின் நடுவே உள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். இதயத் துடிப்பு சற்று கூடினாலும் குறி தவறிவிடும்.

பிந்த்ராவின் போட்டி மனநிலை உருவானது ஒரு தோல்வியில். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மூன்றாம் இடம் பிடித்த அவர், இறுதிச் சுற்றில் ஏழாம் இடத்துக்குச் சரிந்தார். அவர் நின்று சுட்ட இடத்தில் தரைக்கல் ஒன்று சரியாகப் பதியாமல் ஆடியது பின்னரே தெரியவந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று அவர் ஆறுதல் அடைந்திருக்கலாம். மாறாக, ஆடும் கல்லைத் தானே பதித்து, அதன் மீது நின்று பயிற்சி எடுத்தார். பெய்ஜிங் அரங்கின் பரப்புக்கும் சூழலுக்கும் பழகுவதற்காகத் திருமண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அச்சத்தை எதிர்கொள்ள, ஜெர்மனியில் சுமார் 40 அடி உயரக் கம்பத்தில் ஏறினார். பாதியில் இறங்கிவிடத் தோன்றியும் உச்சியைத் தொட்டார்.

இந்தத் தயாரிப்புக்கான சோதனை பெய்ஜிங்கிலேயே வந்தது. இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஒத்திகையில் அவரது குண்டு நான்கு புள்ளி வளையத்துக்கு விலகிச் சென்றது. துப்பாக்கியின் குறிகாட்டி நிலை மாறியிருந்தது. யார் செய்தது, ஏன் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய சில நிமிடங்களில் அதைச் சரிசெய்து போட்டியில் இறங்கினார்.

மனு பாக்கரும் இதே பாதையைக் கடந்தவர். டோக்கியோவில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கி பழுதடைந்தது. இரண்டு புள்ளிகளில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 2024 பாரீஸில் இரு வெண்கலங்களை வென்று, ஒரே ஒலிம்பிக்கில் இரு பதக்கம் பெற்ற சுதந்திர இந்தியாவின் முதல் வீராங்கனையானார்.

எனினும், மனவலிமை இருந்தால் பதக்கம் நிச்சயம் என்று கூறிவிட முடியாது. 2012 லண்டனில் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2016 ரியோவில், சமநிலையை முறிக்கும் கூடுதல் குண்டில் பின்தங்கி நான்காம் இடம் பெற்றார். ஒலிம்பிக்கில் அவர் கடைசியாகச் சுட்ட குண்டு அதுதான்.