கோல் படலாம், கை படலாமா?

ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டு விழாவுக்காக எங்களுக்குக் கோலாட்டம் பழக்கினார்கள். பொம்மிடிப் பக்கத்துப் பள்ளி. ஆறு பையன்கள், ஆறு பெண்பிள்ளைகள். டீச்சர் உயரம் பார்த்து ஜோடி சேர்த்தார். தன் கோலில் ஒன்று, எதிரே நிற்பவர் கோலில் ஒன்று, குனிந்து ஒன்று, சுற்றி வந்து ஒன்று. முதல் நாள் முழுக்க விரலில்தான் அடி விழுந்தது. இரண்டாம் நாள் தாளம் கொஞ்சம் கூடிவந்தது. மூன்றாம் நாள் போனால் என் எதிரே வேறு ஒரு பெண் நிற்கிறாள். ஏனென்று டீச்சரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் யாரோ ஒரு அப்பா சைக்கிளில் வந்துபோனதை மட்டும் பார்த்திருந்தோம். அவர் என்ன பேசியிருப்பார் என்பது புரிய எனக்குச் சில வருஷம் பிடித்தது.

இத்தனைக்கும் கோலாட்டத்தில் கை படுவதே இல்லை. கோல்தான் படும். எதிரெதிரே நிற்கலாம், ஆனால் இரண்டு முழம் தள்ளி.

அந்த இரண்டு முழத்தையும் எடுத்துவிட்டு, பிள்ளைகளின் கையைக் கையில் கொடுத்து ஆடச் சொன்னவர் பியர் டுலேன். பால்ரூம் நடனக் கலைஞர். 1994-ல் நியூயார்க் அரசுப் பள்ளி ஒன்றுக்குப் போய்ச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள். பத்து வாரம், இருபது வகுப்பு. ஃபாக்ஸ்ட்ராட், ரும்பா, டாங்கோ, ஸ்விங் என்று போகும். 'டான்ஸிங் கிளாஸ்ரூம்ஸ்' என்ற பெயரில் அது வளர்ந்தது. 2005-ல் வந்த 'மேட் ஹாட் பால்ரூம்' ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான். அடுத்த வருஷமே அன்டோனியோ பண்டராஸ் டுலேனாக நடித்த 'டேக் தி லீட்' வந்தது. சினிமாவை விட ஆவணப்படம்தான் எனக்குப் பிடித்தது. கையைக் கொடுக்கச் சொன்னதும் அந்தப் பிள்ளைகள் முகம் போகிற போக்கை எந்த நடிகராலும் கொண்டுவர முடியாது.

வகுப்பில் காலடி பாதிதான். மீதி நடத்தை. எதிரே போய் நிமிர்ந்து நிற்க வேண்டும். கண்ணைப் பார்த்து, "ஆட வர்றீங்களா?" என்று கேட்க வேண்டும். நசுக்காமல், நழுவவிடாமல் கையைப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் நன்றி சொல்ல வேண்டும். டுலேன் அந்த வாண்டுகளை "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்றுதான் கூப்பிடுவார். இதெல்லாம் அலங்காரம், உண்மையான பாடம் இன்னொன்று. சில நிமிஷத்துக்கொரு முறை ஜோடி மாறிக்கொண்டே இருக்கும். பிடித்த ஆளோடு நிலைத்து நிற்கவும் முடியாது, பிடிக்காத ஆளைத் தவிர்க்கவும் முடியாது. வகுப்பு முடிவதற்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடியிருப்பார்கள்.

டுலேன் பிறந்தது 1944-ல், யாஃபாவில். அப்பா அயர்லாந்துக்காரர், அம்மா பாலஸ்தீனர். 1948 போரில் குடும்பம் ஊரை விட்டுப் போனது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு அதே ஊருக்குத் திரும்பி, யூதப் பிள்ளைகளையும் பாலஸ்தீனப் பிள்ளைகளையும் ஒன்றாக ஆட வைக்க முயன்றார். 2013-ல் வந்த 'டான்ஸிங் இன் யாஃபா' அந்தக் கதை. ஆணும் பெண்ணும் தொடுவதே தப்பு என்று ஒரு பக்கம், எதிரி வீட்டுப் பிள்ளையைத் தொடுவதா என்று இன்னொரு பக்கம். இரண்டையும் தாண்டித்தான் பிள்ளைகளை ஆட வைக்க முடிந்தது.

இதெல்லாம் வெள்ளைக்கார ஆட்டம், நமக்கெதற்கு என்பார்கள். பொம்மிடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று சொன்னால் அது முழு உண்மையாகாது. மெட்ராஸ் ரயில்வே போட்ட இந்தத் தடத்தில், வடக்கே ஜோலார்பேட்டையிலும் தெற்கே போத்தனூரிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த ரயில்வே காலனிகள் இருந்தன. இன்ஸ்டிடியூட் என்று அவர்கள் சொல்லும் மன்றங்களில் கிறிஸ்துமஸ் வந்தால் வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும்தான். மரத்தளம் வழுக்க வேண்டும் என்று பவுடர் தூவுவார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவோடு ஆடியே பழகினார்கள். அந்தக் குடும்பங்களில் பல பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறிவிட்டன.

தாளமும் அந்நியமில்லை. வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை, நம் தகிட. ஃபாக்ஸ்ட்ராட் நான்கு, தகதிமி. தவிலும் பறையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் கால் பிடிபட்டுவிடும். ஒரே ஒரு சிக்கல்: கோயிலில் நாம் வலமாகச் சுற்றுவோம், பால்ரூமில் இடமாகச் சுற்றுவார்கள்.

ஆக, கஷ்டம் காலில் இல்லை, கையில்தான். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் கைக்கு ரொம்பப் பெரிய வரலாறு உண்டு. ஒரு பெண்ணும் ஒரு பையனும் கைபிடித்ததைச் சாக்காக வைத்து, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கு மேற்பட்ட தலித் வீடுகளைக் கொளுத்தினார்கள். பதினொரு வருஷம் கழித்து, தெற்கே நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை அவன் பள்ளிப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் சாதி சொல்லும் கலர் கயிறு கூடாது, வகுப்பில் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவையும் அதன் பரிந்துரைகள். படித்தபோது டுலேனின் ஜோடி மாற்றம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. யார் பக்கத்தில் யார் என்பதைப் பிள்ளையும் முடிவு செய்யாது, பிள்ளையின் அப்பாவும் முடிவு செய்ய மாட்டார்.

நாம் மரியாதை சொல்லிக்கொடுக்காமல் இல்லை. பெரியவர் வந்தால் எழுந்திரு, வலது கையால் வாங்கு, எதிர்த்துப் பேசாதே. எல்லாமே கீழிருந்து மேலே போகிற மரியாதை. அதிலும் வயது மட்டும் கணக்கில்லை. தாத்தா வயது ஆளை, தெருவைப் பார்த்து, 'வா, போ' என்று கூப்பிட்ட சிறுவர்களோடுதான் நான் படித்தேன். பக்கத்து பெஞ்சுக்காரனிடம், பக்கத்து பெஞ்சுக்காரியிடம் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. "வர்றீங்களா?" என்று ஒரு பையன் கேட்டு, "இல்ல, வேணாம்" என்று ஒரு பெண் சொல்லி, அவன் முகம் சுளிக்காமல் நகர்கிற ஒத்திகை பன்னிரண்டு வயதில் ஒரு தடவையாவது நடந்திருந்தால் நன்றாயிருக்கும். பெண் பெரியவளானதும் ஆட்டத்தை நிறுத்து என்பதுதான் அந்த வயதில் நம் வீடுகள் சொல்லும் ஒரே பாடம்.

பொம்மிடியில் நாளைக்கே ரும்பா வகுப்பு நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. போட்டிகள் உண்டு, மாநில அளவில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம். கோலாட்டத்துக்கும் கும்மிக்கும் அங்கே இடமிருக்கிறது. பின்னல் கோலாட்டத்தில் மேலே கட்டிய கயிறுகளை ஆடிக்கொண்டே சடையாகப் பின்னி, திரும்ப எதிர்த்திசையில் ஆடிப் பிரிப்பார்கள். ஒருவர் தப்பினால் எல்லார் கயிறும் சிக்கும். ஜோடியை ஊர் தீர்மானிக்காமல் டீச்சர் தீர்மானித்தாலே போதும்.

எங்கள் டீச்சரால் அது முடியவில்லை. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆண்டு விழாவன்று உள்வட்டத்தில் பெண்பிள்ளைகள், வெளிவட்டத்தில் நாங்கள். ஒவ்வொரு அடி பாட்டு முடிந்ததும் வெளிவட்டம் ஓர் இடம் நகர வேண்டும் என்று கடைசி வாரத்தில் புதிதாகச் சேர்த்திருந்தார். முன்வரிசையில் அந்த அப்பா உட்கார்ந்திருந்தார். நான்காவது நகர்வில் பழைய ஜோடி என் எதிரே வந்தாள். அன்றைக்கு யார் விரலிலும் அடி விழவில்லை.