மூன்றாம் சீரிசையும் நியூட்ரல் கம்பியும்: ரமணாசிரமப் பகுதி விடுதிகளை முன்வைத்து மின்வடத் தேர்வு

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, ரமணாசிரமத்தைச் சூழ்ந்த பகுதியில் தங்கும் விடுதிகள் பல உள்ளன. குண்டு பல்பும் மின்விசிறியுமே சுமையாக இருந்த காலத்து மின்வடக் கணக்கு இத்தகைய கட்டடங்களுக்கு இன்றும் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்.இ.டி. விளக்கு, கணினி, யு.பி.எஸ். போன்றவை மின்னோட்டத்தைச் சீரான சைன் அலையாக ஈர்ப்பதில்லை. பெரும்பாலும் மின்னழுத்தம் உச்சத்தை நெருங்கும் கணங்களில் துடிப்புகளாக ஈர்க்கின்றன. அத்துடிப்பைப் பகுத்தால் 50 ஹெர்ட்ஸ் அடிப்படை அலையுடன் 150, 250, 350 ஹெர்ட்ஸ் அலைகளும் கிடைக்கும். ஹார்மானிக்ஸ் என வழங்கும் சீரிசை அலைகள் இவையே.

இவற்றுள் மூன்றாவதே வடத்திற்குப் பெருந்தொல்லை. மூன்று ஃபேஸ்களின் அடிப்படை அலைகள் 120 பாகை இடைவெளியில் அமைவதால், சுமை சமமாயின் நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூன்றாம் சீரிசையில் அவ்விடைவெளி 360 பாகையாகிவிடுகிறது. எனவே மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. சுமையைச் சமமாகப் பிரித்துவிட்டோம் என்ற நிறைவு இங்கு உதவாது.

ஐ.இ.சி. 60364-5-52 தரநூல் இதற்கு வழி கூறுகிறது. ஃபேஸ் மின்னோட்டத்தில் மூன்றாம் சீரிசை 15 விழுக்காடு வரை இருப்பின் திருத்தம் வேண்டா. 15 முதல் 33 வரை, ஃபேஸ் மின்னோட்டத்தை 0.86ஆல் வகுத்து வடத்தைத் தெரிய வேண்டும். 33ஐத் தாண்டினால் நியூட்ரல் மின்னோட்டம் ஃபேஸை விஞ்சுவதால் கணக்கு நியூட்ரலுக்கு மாறுகிறது: 45 வரை அதனை 0.86ஆல் வகுக்க வேண்டும். 45க்கு மேல் ஃபேஸ் கம்பிகள் முழுச்சுமை ஏற்காமையால் வகுத்தல் தேவையில்லை. 0.86 என்னும் எண் புதிரன்று. மூன்று கம்பிகள் தரும் வெப்பத்தை நான்கு கம்பிகள் தர வேண்டுமெனில் ஒவ்வொன்றின் மின்னோட்டமும் முக்கால் என்பதன் வர்க்கமூல அளவுக்குக் குறைய வேண்டும். அது ஏறத்தாழ 0.866.

எடுத்துக்காட்டாக, ஃபேஸுக்கு 60 ஆம்பியர் ஈர்க்கும் விடுதி ஒன்றைக் கற்பனை செய்வோம். மூன்றாம் சீரிசை 20 விழுக்காடாயின் வடம் 70 ஆம்பியர் தாங்க வேண்டும். 40 விழுக்காடாயின் நியூட்ரலில் 72 ஆம்பியர் பாயும். வடம் 84 ஆம்பியருக்கு உரியதாக வேண்டும். 50 விழுக்காட்டில் 90 ஆம்பியர்.

நம் நாட்டில் பரவலாக வாங்கப்படும் மூன்றரை கோர் வடம் இங்குதான் இடறுகிறது. மேற்கண்ட காரணிகள், நியூட்ரலும் ஃபேஸும் ஒரே உலோகத்தில் ஒரே பருமனில் அமைந்த வடத்திற்கே உரியன. 25 சதுர மி.மீ. மூன்றரை கோர் வடத்தில் நியூட்ரலோ 16 சதுர மி.மீ. மட்டுமே. அதில் 72 ஆம்பியர் பாய்ந்தால், 60 ஆம்பியர் பாயும் ஃபேஸ் கம்பியைவிட 2.25 மடங்கு வெப்பம் தோன்றும். நியூட்ரலில் மிகைமின்னோட்டக் காப்பு இல்லாத அமைப்புகளில் இதை எந்தக் கருவியும் துண்டிக்காது. கம்பி கருகி அறுபட்டால், 230 வோல்ட் சாதனங்கள் சில 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தத்திற்கு உள்ளாகலாம்.

ஆகவே முழு நியூட்ரல் கொண்ட நான்கு கோர் வடமே தகும். பழைய கட்டடமாயின் நியூட்ரலை உண்மை ஆர்.எம்.எஸ். அளவி கொண்டு அளக்க வேண்டும். சராசரியைக் கொண்டு கணிக்கும் மலிவு அளவி துடிப்பு மின்னோட்டத்தைக் குறைத்தே காட்டும். அளவீட்டை அறைகள் வெறிச்சோடிய பிற்பகலில் செய்து பயனில்லை. கிரிவலத்திற்கு வந்தோரால் விடுதி நிரம்பும் பௌர்ணமி இரவே அதற்கு ஏற்ற பொழுது.