ஆற்றுநீர் திசைதிருப்பலும் பூச்சிகளின் உயிர்ப்பல்வகைமையும்



நீர்மின்வலுவின் அனுகூலங்களைக் கேட்டால் தயங்காமல் எழுதுவீர்கள். பிரதிகூலங்களைக் கேட்டால் உங்களில் பெரும்பாலானோர் "காடுகள் நீரில் மூழ்கும், மக்கள் இடம்பெயர்வர்" என்ற இரண்டுடன் நிறுத்திவிடுகின்றீர்கள். அணைக்கட்டுக்குக் கீழே நீர் குறைந்து கிடக்கும் ஆற்றுப்பகுதியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. அதனை அங்கு வாழும் பூச்சிகளைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. திசைதிருப்பல் என்றால் என்ன?

மேல் கொத்மலைத் திட்டத்தை உதாரணமாகக் கொள்வோம். மகாவலி கங்கையின் கிளையாறாகிய கொத்மலை ஓயாவுக்குக் குறுக்கே தலவாக்கலையில் அணை கட்டப்பட்டுள்ளது. அங்கு மறிக்கப்படும் நீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக நிலத்தடி மின்னிலையத்தைச் சென்றடைகின்றது. 2012 இல் ஆரம்பித்து வைக்கப்பட்ட இதன் கொள்ளளவு 150 மெகாவாற்று ஆகும். நீர் சுரங்கத்தினூடாகச் செல்வதால் அணைக்கும் மின்னிலையத்துக்கும் இடைப்பட்ட இயற்கையான ஆற்றுப்படுக்கையில் நீர் குறைகின்றது. சென். கிளேயர் நீர்வீழ்ச்சி இப்பகுதியிலேயே உள்ளது.

2. ஆற்றில் வாழும் பூச்சிகள்

மலைநாட்டு ஓடையொன்றில் கல்லொன்றைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் தட்டையான சிறு உயிரிகள் ஒட்டியிருக்கும். தும்பி, ஊசித்தும்பி, மே ஈ முதலியன தமது இளம் பருவத்தை நீரிலேயே கழிக்கின்றன. மே ஈயின் நிறையுடலி சில மணித்தியாலங்கள் முதல் சில நாட்கள் வரையே வாழும். எனவே அதன் வாழ்நாளில் மிகப் பெரும் பகுதி ஆற்றுக்கே உரியது. இலங்கையின் தும்பி இனங்களில் கணிசமானவை வேறெங்கும் காணப்படாதவை. ஓர் ஓடையில் அவை அழிந்தால் வேறு நாட்டிலிருந்து வந்து அவ்விடத்தை நிரப்ப அவ்வினம் இல்லை.

3. ஏற்படும் பாதிப்புகள்

(அ) ஒட்சிசன் குறைதல்: வேகமாகப் பாயும் குளிர்ந்த நீரில் கரைந்த ஒட்சிசன் அதிகம். நீர் குறைந்து தேங்கி வெப்பமடையும்போது ஒட்சிசனும் குறையும். பூக்களால் சுவாசிக்கும் இளம் பூச்சிகள் முதலில் பாதிக்கப்படும்.

(ஆ) வாழிடம் இழத்தல்: நீரோட்டம் தளர்ந்தால் மணலும் சேறும் படிந்து கற்களுக்கிடையேயான இடைவெளிகளை மூடிவிடும். கல்லில் ஒட்டி வாழ்பவற்றுக்கு இடமில்லாது போகும்.

(இ) உணவு தடைப்படல்: சில குடம்பிகள் வலை பின்னி, நீரோட்டம் கொண்டுவரும் உணவைப் பிடித்து உண்கின்றன. ஓட்டம் நின்றால் வலை இருந்தும் பயனில்லை.

(ஈ) நீர்மட்டம் சடுதியாக மாறுதல்: மின்தேவை கூடும் வேளையில் நீர் திறக்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்டால், மின்னிலையத்துக்குக் கீழே கரையோரம் இடப்பட்ட முட்டைகள் உலர்ந்துவிடும்.

(உ) பரம்பல் தடைப்படல்: பல நீர்ப்பூச்சிகள் இரவு வேளையிலேயே நீரோட்டத்துடன் கீழ்நோக்கிச் சென்று புதிய இடங்களை அடைகின்றன. சென். கிளேயர் நீர்வீழ்ச்சியின் அழகைப் பேணப் பகலில் நீர் விடுவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. பார்வையாளருக்கு அது போதும். இரவில் பயணிக்கும் பூச்சிக்குப் போதாது.

4. எண்ணிக்கையும் பல்வகைமையும் ஒன்றல்ல

மாணவர்கள் அதிகம் தவறு விடும் இடம் இதுவே. நீர் குறைந்தால் எல்லாப் பூச்சிகளும் குறைவதில்லை. ஓடும் நீரை நாடுபவை மறையும். தேங்கிய நீரை நாடுபவை பெருகும். மொத்த எண்ணிக்கை கூடியும் இனங்களின் வகை குறைந்தும் இருக்கலாம்.

1934–35 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக வற்றியபோது அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 1980களில் கொத்மலை அணை கட்டப்பட்ட பின்னர், அதற்குக் கீழே ஆற்றுப்படுக்கையில் தேங்கிய குட்டைகளிலும் இந்நுளம்பு பெருகி, அதற்குமுன் மலேரியா அரிதாக இருந்த மலைப்பகுதியில் அந்நோய் பரவியது. உலக சுகாதார தாபனம் 2016 இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எனினும் நுளம்பு இன்றும் உள்ளது. அதன் குடம்பிகளை உண்ணும் தும்பி அணங்குகள் ஆற்றில் இருப்பது நமக்கும் நன்மையே. மீன்கள், தவளைகள், பறவைகள், வௌவால்கள் ஆகியனவும் நீர்ப்பூச்சிகளை உண்பதால் பாதிப்பு உணவு வலை முழுவதற்கும் பரவும்.

5. தீர்வுகள்

• பழைய ஆற்றுப்படுக்கையில் இரவு பகலாக ஒரு குறைந்தபட்ச நீரோட்டத்தைப் பேணல்.
• நீரைத் திறப்பதையும் மூடுவதையும் படிப்படியாகச் செய்தல்.
• ஆற்றங்கரை மரங்களைப் பாதுகாத்து நீரைக் குளிர்ச்சியாக வைத்திருத்தல்.
• தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் செய்யப்படும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டில் பூச்சிகளையும் கணக்கிலெடுத்தல்.
• ஒரே ஆற்றில் சிறிய மின்னிலையங்கள் பலவற்றை அடுத்தடுத்து அமைக்கும்போது அவற்றின் மொத்தப் பாதிப்பையும் ஆராய்தல்.

மாதிரி வினா

திசைதிருப்பப்பட்ட ஆற்றுப்பகுதியில் பூச்சிகளின் எண்ணிக்கை கூடியபோதும் உயிர்ப்பல்வகைமை குறையலாம். விளக்குக.

விடை: நீரோட்டம் குறைவதால் ஒட்சிசனும் கற்பாங்கான வாழிடமும் குறையும். ஓடும் நீருக்கு இசைவாக்கமடைந்த பல இனங்கள் அழியும். தேங்கிய நீரில் வாழும் நுளம்பு போன்ற சில இனங்கள் பெருகும். எனவே தனியன்களின் எண்ணிக்கை கூடினாலும் இனங்களின் எண்ணிக்கை குறைவாகும்.

மாணவர்களே, "நீர்மின்வலு கூடாது" என்று முடிவுரை எழுதிவிடாதீர்கள். நிலக்கரியை எரிப்பதாலும் சுற்றாடல் பாதிக்கப்படும். ஆற்றிலிருந்து எவ்வளவு நீரை எடுக்கலாம், எவ்வளவை ஆற்றுக்கே விடவேண்டும் என்பதே வினா. அவ்வாறு எழுதுங்கள், புள்ளி நிச்சயம்.