தெரிந்த வார்த்தையே வழுக்கும்

சென்ற வாரம் ஓர் ஊர்க் கமிட்டியார் தாங்கள் இங்கிலீஷில் நிறைவேற்றிய தீர்மானமொன்றைப் பிரசுரத்திற்காக நமக்கு அனுப்பியிருந்தனர். அதிகாரி ஒருவரைக் கண்டிப்பது அவர்களுடைய நோக்கம். அதற்குரிய வார்த்தை 'ஸென்ஷர்'. அவர்கள் எழுதியிருந்ததோ 'ஸென்ஸார்'. அதாவது, அந்த அதிகாரியைத் தணிக்கை செய்யவேண்டுமென்று ஏகமனதாகக் கோரிவிட்டனர்! நாம் திருத்தி வெளியிட்டோம். ஆயினும் அதே தீர்மானம் திருத்தப்படாமல் மேலிடத்திற்கும் போயிருக்குமே என்று நினைக்கையில் நமக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமான ஒரு குறை, எழுத்துப் பிசகினால் பரிகாசத்திற்கு இரையாவது பரிதாபமன்றோ?

இது நம்மவருக்கு மட்டுமே நேரும் பிசகென்று வெட்கமடைய வேண்டுவதில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, பிரிட்டிஷ் படைத் தலைவர்கள் அவசரமான ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்ய விரும்புவதாக அமெரிக்கத் தலைவர்களிடம் கூறினர். பிரிட்டிஷாருக்கு அது உடனே விவாதத்திற்கு எடுப்பதைக் குறிக்கும். அமெரிக்கருக்கோ ஒத்திப்போடுவதைக் குறிக்கும். இரு தரப்பாரும் விரும்புவது ஒன்றே என்பது விளங்குமுன் நெடுநேரம் கசப்பான வாக்குவாதம் நடந்ததாகச் சர்ச்சில் 1950-இல் வெளிவந்த தமது யுத்த சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தில் எழுதியிருக்கிறார். நமது சட்டசபைகள் பின்பற்றுவது பிரிட்டிஷ் வழக்கத்தையே.

உயிருக்கே உலை வைக்கக்கூடிய வார்த்தையும் உண்டு. 'இன்பிளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. 'இன்விஸிபிள்', 'இன்கரெக்ட்' முதலியவற்றில் 'இன்' என்பது இன்மையைக் காட்டுவதால், இதையும் 'தீப்பற்றாதது' என்று கொள்ள இடமுண்டு. உண்மையில் இது தீ மூட்டுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இங்கே 'இன்' எதையும் மறுப்பதில்லை. இலக்கணம் அறிந்தவர் இவ்விதம் சமாதானம் சொல்லலாம். கிடங்கில் பீப்பாயை உருட்டும் தொழிலாளி லத்தீன் அகராதியைப் புரட்டிக்கொண்டா நிற்பான்? ஆகவேதான் அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் 'பிளேமபிள்' என்றே எழுதும்படி வற்புறுத்தினர். பிரிட்டிஷ் தர நிர்ணய ஸ்தாபனத்தாரும் 1959-இல் அதையே ஆதரித்தனர். நம் நாட்டுப் பெட்ரோல் லாரிகள் பலவற்றின் முதுகில் பழைய வார்த்தை இன்னும் சவாரி செய்கிறது.

கோர்ட்டில் பழகிய நமது செவிக்கு மிகவும் உறுத்துவது 'டிஸின்டரஸ்டட்', 'அன்இன்டரஸ்டட்' என்னும் ஜோடி. முன்னவர் விவகாரத்தில் சொந்த லாபநஷ்டம் இல்லாதவர். பின்னவர் அக்கறையே இல்லாதவர். நீதிபதி முன்னவராக இருக்கவேண்டும். பின்னவராக இருந்தால் கட்சிக்காரன் கதி அதோகதிதான். பற்றற்றவரையும் அக்கறையற்றவரையும் தமிழில் எவரும் ஒன்றாக எண்ணுவதில்லை. இங்கிலீஷிலோ பத்திரிகைக்காரர்களே இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். இதைப் பழைமையின் பெயரால் கண்டிக்கும் பண்டிதர்களுக்கு ஒரு செய்தி: 17-ஆம் நூற்றாண்டில் இவ்வார்த்தைகள் ஏறக்குறைய இடம் மாறியே வழங்கின. ஆதலின் பழைமை நமக்குத் துணை செய்யாது. எனினும் இன்றைய வித்தியாசத்தைக் காப்பது அவசியமென்பதே நமது அபிப்பிராயம். பாரபட்சமற்ற சாட்சி என்று வக்கீல் சொல்வதை, சிரத்தையற்ற சாட்சி என்று கேட்பவர் கொண்டால், அந்தச் சாட்சியத்திற்கு என்ன மதிப்பிருக்கும்?

'பிரின்ஸிபல்' என்று ஒரேவிதமாக ஒலிக்கும் இரண்டில் ஒன்று தலைமையையும் மற்றது கொள்கையையும் குறிப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவசரத்தில் பெரியவர்களே மறக்கின்றனர்.

மேற்படி கமிட்டியாருக்கு நாம் பதில் எழுதியிருக்கிறோம். திருத்திய பிரதியை மேலிடத்திற்கு மறுபடி அனுப்பும்படியும், அத்துடன் அதிகாரியின்மீது தங்களுக்குள்ள குறை இன்னதென்று தமிழிலேயே எழுதி இணைக்கும்படியும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.