ஐந்து ஏற்பாடும் ஒரு காலிப் பக்கெட்டும்

கன்டெய்னர் காலம் – 14

சென்ற வாரம் குபெர்னெட்டிஸுக்குள் டேட்டாபேஸைக் குடியேற்றினோம். ஒரு பாட் செத்தால் இன்னொன்று பிறக்கும், பழைய டிஸ்க்கையே தேடிப்பிடித்து மாட்டிக்கொள்ளும் என்று பார்த்தோம். ஒன்றுக்கு மூன்றாகப் பிரதிகள் ஓடும். தலைமைப் பிரதி விழுந்தால் அடுத்தது பொறுப்பேற்கும். இவ்வளவு இருக்கும்போது பேக்கப் வேறு எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

பிரதிகள் காப்பாற்றுவது இயந்திரக் கோளாறிலிருந்து மட்டும்தான். யாரை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுத மறந்து ஒருவர் டெலிட் கட்டளையைத் தட்டிவிட்டால், தலைமைப் பிரதியில் அட்டவணை காலியாகும். கண்மூடித் திறப்பதற்குள் மற்ற இரண்டிலும் காலியாகும். வந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பது பிரதியின் வேலையல்ல. டிஸ்க்கும் அப்படித்தான். கிளஸ்டர் தானாக உருவாக்கித் தரும் டிஸ்க்குகளுக்கு, நாம் மாற்றாதவரை, ‘கேட்டவர் போனால் டிஸ்க்கையும் அழி’ என்பதே விதி. பழைய நேம்ஸ்பேஸ் என்று நினைத்து ஒன்றை நீக்கினால் உள்ளே இருந்த டேட்டாபேஸும் டிஸ்க்கோடு போய்விடும்.

ஆகவே கிளஸ்டருக்கு வெளியே, கிளவுட் ஸ்டோரேஜில், ஒரு நகல் வேண்டும். அதை எப்படி அமைப்பது என்று பார்க்கும் முன், அமைத்திருந்தும் கைவிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் கதையைப் பார்த்துவிடலாம்.

ஜனவரி 31, 2017

கிட்லேப், நிரலாளர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளம். அன்று மாலையிலிருந்தே ஸ்பேம் கணக்குகளின் தொல்லை. சுமை ஏற ஏற, தலைமை டேட்டாபேஸ் சர்வரிலிருந்து துணை சர்வருக்கு நகல் போவது பின்தங்கி, கடைசியில் நின்றே போனது. துணை சர்வரை முதலிலிருந்து நிரப்பியாக வேண்டும். அதற்கான கட்டளையைக் கொடுத்தால், அது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டது. உண்மையில் அது தலைமை சர்வர் தயாராவதற்காகக் காத்திருந்தது. திரையில் மட்டும் அதைச் சொல்லவில்லை. முந்தைய முயற்சியில் மிஞ்சிய டைரக்டரிதான் இடைஞ்சல் போலும் என்று நினைத்த பொறியாளர், அதை அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு நொடியில் உறைத்தது: கட்டளை ஓடிக்கொண்டிருப்பது துணை சர்வரில் இல்லை, தலைமை சர்வரில். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் எங்கே? நாள்தோறும் ஒரு நகல் அமேசான் எஸ்3 பக்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். திறந்து பார்த்தால் பக்கெட் காலி. டேட்டாபேஸ் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6இல், நகலெடுக்கும் பிஜி டம்ப் கருவியோ 9.2. தன்னைவிடப் புதிய சர்வரை பிஜி டம்ப் தொடாது. பதிப்பு பொருந்தவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். தினமும் அப்படித்தான் நின்றிருக்கிறது. தோல்வியைச் சொல்ல மின்னஞ்சல் போகும்படி ஏற்பாடு இருந்தது. அந்த அஞ்சல்களில் முறையான கையொப்பம் இல்லாததால், போலி அஞ்சல் என்று பெறும் சர்வரே அவற்றைத் திருப்பிவிட்டது. அஷ்யூர் டிஸ்க் ஸ்னாப்ஷாட் கோப்பு சர்வர்களுக்கு இருந்தது, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இல்லை. நகல், பேக்கப் என்று ஐந்து ஏற்பாடு செய்திருந்தும் ஒன்றுகூட உருப்படியாக வேலை செய்யவில்லை என்று அவர்களே தங்கள் குறிப்பில் எழுதினார்கள். அந்தக் குறிப்பை ஊரறியத் திறந்தும் வைத்தார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள்.

கைகொடுத்தது தற்செயல்தான். சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து ஸ்டேஜிங் சர்வரில் வைத்திருந்தார். அதிலிருந்து பிரதியெடுத்துத் தளத்தை எழுப்ப ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது. ஸ்டேஜிங் டிஸ்க் அவ்வளவு மெதுவானது. நிரலாளர்களின் கோடு தனி இடத்தில் இருந்ததால் தப்பியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் டேட்டாபேஸில் சேர்ந்த சுமார் 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் போனவை போனவைதான்.

தவறாகத் தட்டிய அந்த ஒரு கட்டளையைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். நான் பார்ப்பது வேறு. அந்த இரவுக்கு முன்பே, ஒவ்வொரு நாளும், பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது. ஒருவர் காதுக்கும் எட்டவில்லை. தளம் நின்றால் பத்து நிமிடத்தில் போன் வரும். பேக்கப் நின்றால் பத்து மாதம் ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பேக்கப் அமைப்பதில் பாதி வேலை நகலெடுப்பது. மீதிப் பாதி, எடுக்காமல் போனால் கூச்சல் போட வைப்பது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறோம்.

கிரான்ஜாப்: எளிய வழி, அதன் குழிகள்

கிட்லேப் அன்று சாதாரண மெய்நிகர் சர்வர்களில் ஓடியது. குபெர்னெட்டிஸில் இருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று எண்ண வேண்டாம். அதே குழிகள் இங்கே வேறு பெயரில் இருக்கின்றன.

எளிய வழி கிரான்ஜாப். குறித்த நேரத்தில் ஒரு பாட் எழும், டேட்டாபேஸை டம்ப் எடுக்கும், சுருக்கும், பக்கெட்டுக்கு அனுப்பும், செத்துவிடும். யாமல் கோப்பில் முப்பது நாற்பது வரி எழுதினால் போதும். சிறிய டேட்டாபேஸுக்கு இதுவே தாராளம்.

குழி ஒன்று, பதிப்பு. டேட்டாபேஸின் இமேஜை 15இலிருந்து 16க்கு ஏற்றிவிட்டு, பேக்கப் பாடின் இமேஜை 15இலேயே விட்டால், கிட்லேபுக்கு நேர்ந்தது அட்சரம் பிசகாமல் நமக்கும் நேரும். இரண்டு இமேஜையும் ஒரே இடத்தில் குறித்து, சேர்ந்தே ஏற வைக்க வேண்டும்.

குழி இரண்டு இன்னும் நுட்பமானது. டம்ப், சுருக்கல், அனுப்பல் மூன்றையும் பைப் போட்டு ஒரே வரியில் எழுதுவது வழக்கம். ஷெல் அந்த வரியின் வெற்றி தோல்வியைக் கடைசிக் கட்டளையை வைத்தே முடிவுசெய்யும். டம்ப் முதல் நொடியிலேயே விழுந்தாலும், சுருக்கும் கருவி வெறுமையைச் சுருக்கி 20 பைட்டில் ஒரு கோப்பு தரும். அனுப்பும் கருவி அதைச் செவ்வனே அனுப்பும். ஜாப் ‘முடிந்தது’ என்று பச்சை காட்டும். பக்கெட்டில் தேதி வாரியாகக் கோப்புகள் அழகாக அடுக்கியிருக்கும், எல்லாம் 20 பைட். ‘பைப்ஃபெயில்’ என்ற ஒரு ஷெல் அமைப்பு இதைத் தடுக்கும். அனுப்பிய கோப்பின் அளவு நேற்றையதைவிடப் பாதிக்குக் கீழே போனால் ஜாபையே தோற்கடிக்கும்படி ஒரு வரி சேர்ப்பது இன்னும் நல்லது.

குழி மூன்று, நேரம். இரவு 2 மணி என்று நாம் எழுதுவோம். நேர மண்டலத்தைக் குறிக்காவிட்டால், பெரும்பாலான கிளஸ்டர்களில் அது சர்வதேச நேரம் 2 மணி. நமக்குக் காலை 7:30. ஊர் விழித்து வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் டம்ப் ஓடும். கூடவே, முதல் ஜாப் முடியாமல் இழுத்தாலும் இரண்டாவதைத் தொடங்க கிரான்ஜாப் இயல்பாக அனுமதிக்கும். ‘ஒன்று முடியாமல் அடுத்தது கூடாது’ என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சிட்டையும் பேரேடும்

தினம் ஒரு டம்ப் என்றால், மாலை 6 மணிக்கு விபத்து நடந்தால் அன்றைய வியாபாரம் முழுக்கப் போச்சு. ஒரு வங்கிக்கோ மருத்துவமனைக்கோ இது கட்டுப்படியாகாது. அதற்குத்தான் தொடர் பேக்கப்.

பழைய மளிகைக் கடைகளில் வரவு செலவை முதலில் சிட்டையில் கிறுக்கிவிட்டு, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். போஸ்ட்கிரெஸும் எந்த மாற்றத்தையும் முதலில் ‘வால்’ என்ற பதிவில் எழுதிவிட்டுத்தான் டேட்டா கோப்பில் கைவைக்கும். இந்தப் பதிவு 16 எம்பி துண்டுகளாகச் சேரும். வாரம் ஒரு முறையோ தினம் ஒரு முறையோ முழு நகல். நடுவில் வரும் ஒவ்வொரு வால் துண்டும் உடனுக்குடன் பக்கெட்டுக்கு. இவ்விரண்டும் கையில் இருந்தால், ‘நேற்று மாலை 5:42 நிலைக்குக் கொண்டுபோ’ என்று கேட்க முடியும். 5:43க்குத் தட்டிய தவறான டெலிட் நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

இதைக் கையால் கட்டுவது சிரமம். கோர்ஓஎஸ் நிறுவனம் 2016இல் முன்வைத்த ‘ஆபரேட்டர்’ முறை இங்கே கைகொடுக்கிறது. டேட்டாபேஸ் நிர்வாகி செய்யும் வேலைகளை ஒரு நிரலாக எழுதி, கிளஸ்டருக்குள்ளேயே காவலுக்கு வைத்துவிடுவது. போஸ்ட்கிரெஸுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது கிளவுட்நேட்டிவ்பிஜி. ஈடிபி நிறுவனம் 2022இல் திறந்த மூலமாக வெளியிட்டது. பக்கெட்டின் முகவரி, அதற்கான அனுமதி, எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கு: மூன்றையும் சொன்னால் பார்மன் கருவியை வைத்து மற்றதை அது பார்த்துக்கொள்ளும். எழுத்துக் குறைவாக இருந்தாலும், இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வால் துண்டை முடித்து அனுப்பிவிடும்.

இதிலும் கவனிக்க இரண்டு. கிரான்ஜாபின் கால அட்டவணைக்கு ஐந்து கட்டங்கள். இந்த ஆபரேட்டருக்கு விநாடியும் சேர்த்து ஆறு. முன்னால் ஒரு பூஜ்யம் போடுவதற்குப் பதில் பின்னால் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டால், தினம் ஒரு முறை எடுக்க வேண்டிய முழு நகல் ஒவ்வொரு மணியும் 2ஆம் நிமிடத்தில் ஓடும்; மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத்தான் தெரியவரும். அடுத்தது, பக்கெட்டின் அனுமதி காலாவதியானால் என்ன ஆகும்? அனுப்ப முடியாத வால் துண்டுகளை போஸ்ட்கிரெஸ் தூக்கி எறியாது; போய்ச் சேரும்வரை தன் டிஸ்க்கிலேயே வைத்திருக்கும். டிஸ்க் நிரம்பும். ஒருநாள் டேட்டாபேஸே நின்றுவிடும். பேக்கப் கோளாறுகளில் தானாகக் கூச்சல் போடுவது அநேகமாக இது ஒன்றுதான். அதுவும் காலம் கடந்து.

பக்கெட் யார் கையில்?

எஸ்3இல் வைத்த கோப்பு தானாகத் தொலைய வாய்ப்பு மிகக் குறைவு, ஆண்டுக்கு 99.999999999 சதவீதம் நிலைக்கும்படி வடிவமைத்திருப்பதாக அமேசான் சொல்கிறது. ஆனால் சாவி வைத்திருப்பவர் அழித்தால் அந்தப் பதினொரு ஒன்பதுகளும் பயனில்லை.

2014 ஜூனில் கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்கு நிர்வாகப் பக்கத்துக்குள் ஒருவன் புகுந்து பணம் கேட்டான். அவர்கள் பாஸ்வேர்டை மாற்றிக் கணக்கை மீட்க முயன்றபோது, முன்பே மாற்று வழிகளை உருவாக்கி வைத்திருந்த அவன் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கத் தொடங்கினான். சர்வர், டிஸ்க், ஸ்னாப்ஷாட், பேக்கப் எல்லாமே ஒரே கணக்கில். அரை நாளில் நிறுவனம் முடிந்தது, கடையை மூடினார்கள். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் கையைப் பிசைந்தார்கள்.

ஆகவே பேக்கப் பக்கெட் வேறு கணக்கில், வேறு ஊரில் இருக்கட்டும். கிளஸ்டருக்குப் பக்கெட்டில் எழுதவும் படிக்கவும் உரிமை போதும். பழையதை அழிக்கும் உரிமையைத் தனியாக வையுங்கள். எஸ்3இன் ஆப்ஜெக்ட் லாக்கைக் கடுமையான நிலையில் போட்டால், குறித்த காலம்வரை கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியாது. பக்கெட்டின் சாவியைக் குபெர்னெட்டிஸ் சீக்ரெட்டில் எழுதிவிட்டுப் பத்திரம் என்று இருக்க வேண்டாம். அது இயல்பில் எழுத்து மாற்றி வைத்ததுதான், பூட்டி வைத்ததல்ல. பாடுக்கு நேரடியாகக் கிளவுட் அனுமதி தரும் வசதி இருந்தால், நிரந்தரச் சாவியே தேவைப்படாது.

கேட்க வேண்டிய கேள்வி

இவ்வளவும் செய்தபின், ‘பேக்கப் தோற்றால் எச்சரி’ என்று ஒரு விதி எழுதுவோம். அது போதாது. ஜாப் தோற்றால்தானே எச்சரிக்கை வரும்? ஜாபே எழவில்லை என்றால்? யாரோ தற்காலிகமாக நிறுத்திவைத்து மறந்துவிட்டால்? அதனால் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: கடைசியாக வெற்றிபெற்ற பேக்கப்புக்கு என்ன வயது? 26 மணி நேரத்தைத் தாண்டினால் மணி அடிக்கட்டும். அந்த எண்ணே வராமல் போனாலும் அடிக்கட்டும். மணி அடிப்பவர் கிளஸ்டருக்கு வெளியே இருக்கட்டும்.

அதைவிட நல்ல சோதனை, மீட்டே பார்ப்பது. குபெர்னெட்டிஸில் இது கஷ்டமே இல்லை. வாரம் ஒரு முறை, பக்கெட்டிலிருந்து ஒரு புது டேட்டாபேஸை எழுப்பச் சொல்லுங்கள். முக்கிய அட்டவணையின் வரிகளை எண்ணுங்கள். கடைசி வரியின் தேதி நேற்றையதா, போன மாதத்தினுடையதா என்று பாருங்கள். எழ எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறித்துக்கொண்டு அழித்துவிடுங்கள். கிட்லேபின் 18 மணி நேரம் போல ஓர் அதிர்ச்சி இருந்தால், அது சோதனை நாளிலேயே தெரிந்துவிடும். எழுப்பிய புது டேட்டாபேஸ் பழையதன் பேக்கப் பாதையிலேயே எழுதாதபடி வேறு பாதை கொடுக்க மறக்காதீர்கள்; கிளவுட்நேட்டிவ்பிஜி காலியாக இல்லாத பாதையைக் கண்டால் மறுத்துவிடும், எல்லாக் கருவியும் அப்படி மறுக்கும் என்று சொல்ல முடியாது.

பேக்கப்பை ஏன் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்வியை கிட்லேப் தன் அறிக்கையில் தானே எழுப்பிக்கொண்டது. பதில், பதிப்புக் கோளாறோ மின்னஞ்சல் கோளாறோ அல்ல: அது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. குபெர்னெட்டிஸில் எதைக் கேட்டாலும் யாமல் கோப்பில் ஒரு கட்டம் உண்டு. இதற்கு மட்டும் கிடையாது. வாராவாரம் மீட்புச் சோதனையின் முடிவைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய ஆளின் பெயரை நீங்கள்தான் எழுதியாக வேண்டும்.

அடுத்த வாரம்: பாஸ்வேர்டுகளை கிளஸ்டருக்குள் எங்கே, எப்படிப் பூட்டிவைப்பது?

(தொடரும்)