காவலும் கருவியும் - 9: ‘ஓடாதே, நில்!’

போன வாரம் மோப்ப நாயை ஒரு வேலியோரம் நிறுத்திவிட்டு வந்தோம். அந்த நாய் வேனிலிருந்து இறங்கும் முன்பே, பெரும்பாலும் இன்னொருவர் அங்கே வந்திருப்பார். அதுவும் தலைக்கு மேலே.

லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 1956-லேயே ஹெலிகாப்டர் பறக்கவிட்ட போலீஸ். 2023-இல் அவர்களிடம் 17 இருந்தன. ஹெலிகாப்டர் என்றதும் நமக்கு ஹாலிவுட் துரத்தல்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது செய்யும் முதல் வேலை, கீழே இருப்பவர்களைத் துரத்தவிடாமல் தடுப்பது.

திருட்டுக் கார் ஒன்று சிக்னலை மதிக்காமல் பறக்கிறது, பின்னால் இரண்டு ரோந்துக் கார்கள் சைரனோடு விரட்டுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து “பார்த்துவிட்டேன்” என்று ஒரு குரல் வந்ததுமே ரோந்துக் கார்கள் பின்தங்கிக்கொள்ளலாம். கண்ணாடியில் போலீஸைக் காணோம் என்றால் ஓட்டுபவன் காலைத் தளர்த்த வாய்ப்பு உண்டு. இடையில் சாலையைக் கடக்கும் அப்பாவிக்கும் அது நல்லது.

அடுத்து அவன் காரை விட்டுக் குதித்து, வீடுகளின் கொல்லைப்புறம் வழியாகச் சுவரேறி ஓடுகிறான். இளம் கான்ஸ்டபிளின் கால் பரபரக்கும். இங்கேயும் மேலிருந்து வருவது அதே பேச்சுதான்: ஓடாதே, அந்த முனையில் நில். நீ இந்த முனையில். நான்கு முனைகளிலும் கார்கள் நின்றுவிட்டால் அந்தத் தெருக்கட்டம் பூட்டிய பெட்டி. தலைக்கு மேல் சத்தம் சுற்றும்வரை உள்ளே இருப்பவன் புதரைவிட்டு நகரத் தயங்குவான். அப்புறம் நாய் நிதானமாக வரலாம். எந்தக் கார் எங்கே நிற்கிறது என்று மேலிருந்து தெரிய ஒவ்வொரு ரோந்துக் காரின் கூரையிலும் பெரிதாக எண் எழுதியிருக்கிறார்கள். காரை ஓட்டுபவர் கண்ணில் படாத எண் அது. மேலே இருப்பவருக்கு அதுதான் பெயர்.

கேபினில் இரண்டு பேர். பைலட் பறப்பதைப் பார்த்துக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் அப்சர்வருக்குத்தான் கேமரா, வரைபடத் திரை, வயர்லெஸ் எல்லாம். தெருவில் பல வருஷம் ரோந்து போனவரைத்தான் அங்கே உட்காரவைப்பார்கள். ஹெலிகாப்டரும் ஒரே இடத்தில் நிற்காது, வட்டமடித்தபடியே இருக்கும். நின்றால் சுவரின் ஒரு பக்கம்தான் தெரியும். அதோடு, எஞ்சின் நின்றுபோனால் பத்திரமாக இறக்க முன்னோக்கிய வேகம் கைகொடுக்கும்.

அந்தக் கேமராவைப் பற்றி ஒரு வேடிக்கை. தெர்மல் கேமரா வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. இப்போதுதான் நிறுத்திய காரின் பானெட் திரையில் அடுப்பு மாதிரி ஒளிரும். ஆனால் நம் கண்ணுக்கு ஒளிவுமறைவே இல்லாத ஜன்னல் கண்ணாடி அதற்குச் சுவர். நம் கண்ணை மறைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளோ அதற்கு ஜன்னல்.

பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு விவகாரம் ஒரு பிளாஸ்டிக் உறைக்கடியில் முடிந்தது. 2013 ஏப்ரல் 19. வாட்டர்டவுன் என்ற புறநகரில் மக்களை வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று சொல்லிவிட்டு, பகல் முழுக்கத் தேடினார்கள். குண்டு வைத்தவர்களில் ஒருவனான ஜோகர் சார்னேவ் கிடைக்கவில்லை. மாலையில் தடை தளர்ந்ததும் ஒருவர் தன் வீட்டுக் கொல்லைக்குப் போனார். குளிர்காலத்துக்காகப் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்த படகின் உறை விலகியிருந்தது. ஏணி வைத்து எட்டிப் பார்த்தார், உள்ளே ரத்தம்.

மாசசூசெட்ஸ் மாநிலப் போலீஸின் ஹெலிகாப்டர் மேலே வந்தது. உறைக்கடியில் ஓர் உடம்பு படுத்திருப்பது திரையில் வெள்ளையாகத் தெரிந்தது. உயிர் இருக்கிறது, அசைகிறது என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவந்தது. கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் சூட்டை வைத்துச் சொல்ல முடியாது. கீழே ஒருவர் உத்தரவில்லாமல் சுட, மற்றவர்களும் சுட்டார்கள். படகில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள். உள்ளே இருந்தவனிடம் துப்பாக்கியே இல்லை. பிறகு உறையை விலக்கி, இரவு 8.45 வாக்கில் உயிரோடு பிடித்தார்கள். ‘நில்’ என்ற சொல் வேலை செய்யாத சில நொடிகளும் அந்த இரவின் கணக்கில் சேரும். பின்னால் வந்த அரசு அறிக்கை, சுடுவதில் கட்டுப்பாடு இல்லாமல் போனதைக் குறை சொன்னது.

இதெல்லாம் சும்மா வருவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தணிக்கையாளர் 2023-இல் போட்ட கணக்குப்படி அந்நகரப் போலீஸின் ஹெலிகாப்டர் செலவு ஆண்டுக்குச் சுமார் 4.66 கோடி டாலர். பறந்த நேரத்தில் 61 சதவீதம் அவசரம் குறைந்த வேலைகளுக்கே போயிருக்கிறது. ராத்திரி முழுக்கக் கூரை அதிரப் படுத்திருக்கிறவர்களின் எரிச்சல் நியாயமானது என்பதே என் கட்சி. திருட்டுக் காருக்கும் படகுக்கும் வரவேண்டியது சும்மா வலம்வரத் தேவையில்லை.

மேலே இருப்பவர்தான் கீழே இருப்பவருக்குச் சொல்லவேண்டும் என்றும் இல்லை. 2016-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், கேப்பல் கிராமத்தருகே திருட்டுச் சந்தேகத்தில் இரண்டு பேரைப் போலீஸ் ஹெலிகாப்டர் தேடிக்கொண்டிருந்தது. வயலில் ஈஸ்டர் முட்டை தேடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள் ஓடியதைப் பார்த்திருந்தார்கள். வானத்தைப் பார்த்துக் கத்தினால் கேட்கவா போகிறது? அம்புக்குறி வடிவில் ஒன்றுசேர்ந்து, அவர்கள் போன பக்கத்தைக் காட்டினார்கள். ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் திரும்பியது. கீழே இருந்த போலீஸ் இருவரையும் பிடித்தது.

(தொடரும்)