ஊழல் வழக்கின் முதல் கேள்வி: விசாரிக்க அதிகாரம் யாருக்கு?

ஊழல் வழக்கு நீதிமன்றப் படியேறியதும் மக்கள் கேட்பது, 'பணம் வாங்கினாரா, இல்லையா?' என்றுதான். ஆனால், அதற்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: 'இந்த வழக்கை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா?' குற்றம்சாட்டப்பட்டவர் தப்பிக்கத் தேடும் சாக்கு என்று இதைப் பலரும் ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்கக் கூடாது என்று நாட்டுக்குப் புரியவைத்தது, மஹாராஷ்டிர முன்னாள் முதல்வர் ஏ.ஆர்.அந்துலே மீதான வழக்கு.

அந்துலே வழக்கில் என்ன நடந்தது?

அந்துலே 1980 முதல் 1982 ஜனவரி வரை முதல்வராக இருந்தார். சிமென்ட் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. தன்னோடு தொடர்புடைய அறக்கட்டளைகளுக்கு நன்கொடை கொடுத்தவர்களுக்குச் சிமென்ட் ஒதுக்கினார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவர் பதவி விலகிய பிறகு, பாஜகவின் ராம்தாஸ் நாயக் கொடுத்த தனிநபர் புகார் சிறப்பு நீதிபதியிடம் சென்றது. 'அந்துலே இன்னமும் எம்எல்ஏ. எனவே பொது ஊழியர். அவர்மீது வழக்குத் தொடர முன் அனுமதி வேண்டும்' என்று கூறி 1983இல் சிறப்பு நீதிபதி அவரை விடுவித்தார்.

உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1984 பிப்ரவரி 16இல் அதை ரத்து செய்தது. எம்எல்ஏ பொது ஊழியர் அல்ல என்று சொன்னதோடு, வழக்கு விரைவாக முடிய வேண்டும் என்ற அக்கறையில், அதைப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கே மாற்றியது. அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1988 ஏப்ரல் 29இல், ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்த மாற்றத்தையே செல்லாததாக்கியது. 1952ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி, இத்தகைய குற்றங்களைச் சிறப்பு நீதிபதி மட்டுமே விசாரிக்க முடியும். ஒரு நீதிமன்றத்துக்குப் புதிதாக அதிகாரம் கொடுப்பது சட்டம் இயற்றும் மன்றத்தின் வேலை. உச்ச நீதிமன்றமே ஆனாலும் உத்தரவு மூலம் அதைச் செய்ய முடியாது என்றது அமர்வு. நீதிமன்றத்தின் தவறால் எவரும் பாதிக்கப்படக் கூடாது என்றும் சொன்னது.

இதில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு என்ன இழப்பு?

சிறப்பு நீதிபதி தண்டித்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டலாம். உயர் நீதிமன்றமே முதலில் விசாரித்தால், இடையில் உள்ள ஒரு படி காணாமல் போய்விடுகிறது. மற்றவர்களுக்கு உள்ள உரிமை ஒருவருக்கு மட்டும் இல்லாமல் போவது சமத்துவத்துக்கு விரோதம்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் இதே வழியில் செல்கிறது. பிரிவு 3இன்படி, மத்திய அரசோ மாநில அரசோ அறிவிக்கை மூலம் சிறப்பு நீதிபதிகளை நியமிக்கலாம். ஒரு பகுதிக்கு என்றோ, குறிப்பிட்ட வழக்குகளுக்கு என்றோ நியமிக்கலாம். பிரிவு 4இன்படி, இச்சட்டக் குற்றங்களை அவர்கள் மட்டுமே விசாரிக்க முடியும். அதே வழக்கில் சேர்த்துச் சுமத்தப்படும் வேறு குற்றங்களையும் அவர்கள் விசாரிக்கலாம்.

தமிழகம் கண்ட இரண்டு சோதனைகள்

ஜெயலலிதா உள்ளிட்டோர் மீதான வழக்குகளுக்காக 1997இல் தமிழக அரசு சென்னையில் மூன்று சிறப்பு நீதிபதிகளை நியமித்தது. அந்த நியமனத்தை எதிர்த்த வழக்கில், 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிரிவு 3 செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளை வேறு நீதிமன்றங்களுக்கு மாற்றி மத்திய அரசு வெளியிட்டிருந்த அறிவிக்கையை ரத்து செய்தது.

அடுத்த சோதனை 2001இல் ஜெயலலிதா மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு வந்தது. அவர்மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் 76 சாட்சிகள் மீண்டும் அழைக்கப்பட, 64 பேர் பிறழ்சாட்சி ஆனார்கள். திமுகவின் க.அன்பழகன் தொடுத்த மனுவில், 2003 நவம்பர் 18இல் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. அப்போது அது தானே ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுத்துவிடவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து, ஊழல் தடுப்புச் சட்டப்படி பெங்களூரில் சிறப்பு நீதிமன்றம் அமைக்குமாறு அம்மாநில அரசுக்கு உத்தரவிட்டது. வழக்கு மாநில எல்லையைத் தாண்டியது. சட்டம் வகுத்த வழியைத் தாண்டவில்லை. 2014 செப்டம்பர் 27இல் அந்த நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பிறகு பல படிகளைக் கண்டது. ஆனால், அந்துலே வழக்கைப் போல, விசாரித்த இடமே தவறு என்று சாட்சியங்கள் வீணாகவில்லை.

ஊழலில் பறிபோவது மக்களின் பணம். அதை விசாரிக்கத் தவறான வாசலில் நுழைந்தால் மக்களின் காலமும் சேர்ந்து பறிபோகிறது. ஆகவே, 'அதிகாரம் உண்டா?' என்ற கேள்வியை முதல் சாட்சி கூண்டேறும் முன்பே எழுப்பி, அப்போதே தீர்த்துவிட வேண்டும். அவசரம் நல்ல நோக்கத்தில் பிறந்ததானாலும், சட்டத்தின் படிகளைத் தாண்டினால் வழக்கு திரும்பவும் முதல் படியில்தான் வந்து நிற்கும்.